பிரிக்கிறதுக்கு முன்னாடி எண்ணு!

உங்க ஹாஸ்டல்ல கண்டிப்பா ஒரு கிடார் இருக்கும். ஆறு தந்தியில ரெண்டு அறுந்திருக்கும். மேலே ஈரத் துண்டு காயும். செமஸ்டர் லீவுக்கு முந்தின ராத்திரி எவனாவது ஒருத்தன் அதைத் தூசி தட்டி எடுத்து, ஏதோ ஒரு பாட்டோட முதல் நாலு வரியை மட்டும் வாசிச்சுட்டு அப்படியே வெச்சுடுவான். அதுவும் கிடார்தான், மறுக்கலை. ஆனா, நான் சொல்லப்போற பார்ட்டி வேற!

எடை கிட்டத்தட்ட நாலரை கிலோ. பேரு, பீவி டி-60. பிறந்த ஊரு, அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்தில் இருக்கும் மெரிடியன். 1978-ல் சந்தைக்கு வந்து, எண்பதுகளின் பிற்பகுதியில் தயாரிப்பு நின்றுபோன எலெக்ட்ரிக் கிடார். நான் பிறந்தபோது இது ஏற்கெனவே 'பழசு'.

யமஹா ஆர்.எக்ஸ்.100 வைத்திருக்கும் பசங்களுக்கு என் கிறுக்கு உடனே புரியும். 1996-லேயே நின்றுபோன பைக். ஆனாலும் ஊருக்கு நாலு பேர் அதைக் குழந்தை மாதிரி குளிப்பாட்டிக்கொண்டு இருப்பார்கள். 'சைலன்ஸரை மாத்தலாமா? கார்புரேட்டரை நோண்டலாமா? இல்லே, கம்பெனியில் வந்தபடியே பொத்திப் பொத்தி வெச்சுக்கலாமா?' - ராத்திரி டீக்கடையில் இந்தப் பட்டிமன்றம் முடியவே முடியாது. என் கிடார் விஷயத்திலும் அதே பட்டிமன்றம்தான். என்ன, இங்கே இரண்டு அணிக்கும் நான் ஒருத்தனே பேச வேண்டியிருந்தது!

துப்பாக்கிக்குப் பக்கத்தில் கிடார்

நான் கோயம்புத்தூர். அப்பாவுக்கு கணபதியில் மோட்டார் வைண்டிங் கடை. எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்களைப் பிரித்து, புதுச் செம்புக் கம்பி சுற்றி, மறுபடி உயிர் கொடுக்கிற வேலை. 'என் பையனாச்சும் கையில வார்னிஷ் படாம சம்பாதிக்கணும்' என்று இ.இ.இ. படிக்க வைத்து, 2016-ல் லோன் போட்டு எம்.எஸ். படிக்க அனுப்பினார். கூடப் படித்தவர்கள் எல்லாம் கலிஃபோர்னியா, டெக்ஸாஸ் என்று பறக்க, எனக்கு சீட் கிடைத்தது மிஸிஸிப்பியில்! 'அப்படி ஒரு ஆறுதானே இருக்கு?' என்று கேட்ட சொந்தக்காரர்கள் உண்டு.

2017-ல் ஒரு சனிக்கிழமை. ஃப்ரெண்டு பழைய மைக்ரோவேவ் வாங்கணும் என்று அடகுக்கடைக்குக் கூட்டிப்போனான். அந்த ஊர் அடகுக்கடை நம்ம ஊர் மாதிரி இல்லை பாஸ். சுவர் பூராவும் துப்பாக்கி, டிரில்லிங் மெஷின், மீன் தூண்டில். அதுக்கு நடுவே ஆணியில் இது தொங்கிக்கொண்டிருந்தது. பூச்சு மஞ்சள் கொடுத்திருக்க, உள்ளே ஆஷ் மரத்தின் ரேகை ஓட ஓடத் தெரிந்தது. விலை 425 டாலர், பெட்டியோடு சேர்த்து. என் ஒரு மாத ரூம் வாடகையைவிட அதிகம். மைக்ரோவேவ் வாங்கப் போனவன் வெறுங்கையோடு வந்தான். கூடப் போன நான் கிடாரோடு வந்தேன்.

பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு மாஸ்க்கிங் டேப். அதில் பென்சிலால் பதினோரு பாட்டுகளின் பேர், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் சுருதி. கிடாரின் முதுகில் பெல்ட் பக்கிள் உரசி உரசி ஒரு சின்னப் பள்ளம். யாரோ ஒருத்தர் பல வருஷம் நின்றுகொண்டே வாசித்திருக்கிறார். அதுக்கு மேல் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

கிடாரையும் துப்பாக்கியையும் ஒரே சுவரில் மாட்டியிருந்தது எவ்வளவு பொருத்தம் என்பது அப்புறம்தான் புரிந்தது. ஹார்ட்லி பீவி, 1965-ல் மெரிடியனில் கம்பெனி ஆரம்பித்தவர். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும்தான் அவர் தொழில். எழுபதுகளில் கிடார் பக்கம் திரும்பினபோது, அவருக்கு வழி காட்டினது துப்பாக்கியின் மரக்கட்டை! வளைவு நெளிவான அந்தக் கட்டையை மெஷினில் ஒரே அச்சாகக் கடைகிறார்கள். அப்போ, கிடாரை மட்டும் ஏன் கையாலேயே இழைத்துக்கொண்டு இருக்கணும்? சிப் டாட் என்கிற கிடார் வல்லுநரோடு சேர்ந்து, மெஷினில் கடைந்த கிடாராக டி-60-ஐக் கொண்டுவந்தார். இன்றைக்கு உலகத்தில் பெரும்பாலான கிடார்கள் சி.என்.சி. மெஷினில்தான் உருவாகின்றன. அந்தப் பாதையை வெட்டினவர்களில் இந்தக் கிடார் முக்கியமானது. லேத் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்த கோயம்புத்தூர்க்காரனுக்கு இதைக் கேட்டதும் சொந்த ஊர்க் கதை மாதிரி இருந்தது!

பத்துக்கும் ஏழுக்கும் நடுவே

இந்தக் கிடாரின் உண்மையான வித்தை, பார்த்தால் தெரியாது. டோன் குமிழில் ஒளிந்திருக்கிறது.

சின்னதாக ஒரு ஃபிஸிக்ஸ், பயப்படாதீங்க. எலெக்ட்ரிக் கிடாரின் தந்திகளுக்குக் கீழே இருக்கும் 'பிக்கப்' என்பது ஒரு காந்தமும், அதைச் சுற்றின மெல்லிய செம்புக் கம்பியும்தான். இரும்புத் தந்தி அதிர்ந்தால் காந்தப் புலம் ஆடும்; சுருளில் மின்சாரம் பிறக்கும். பிளஸ் டூவில் படித்த அதே ஃபாரடே! ஒரே சுருள் இருந்தால் சத்தம் பளிச்சென்று, கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால், ட்யூப்லைட்டு, வயரிங் எல்லாவற்றின் 'ம்ம்ம்' இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். இரண்டு சுருளை எதிரெதிராகச் சேர்த்தால் அந்த இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும், சத்தமும் கனமாகும். இதுக்குப் பேர் ஹம்பக்கர். 1955-ல் கிப்ஸன் கம்பெனியின் சேத் லவர் இதுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

சாதாரணமாக ஒன்று இது, அல்லது அது. டி-60-ல் இரண்டுமே உண்டு, அதுவும் தனி சுவிட்ச் இல்லாமல். டோன் குமிழ் 10-ல் இருந்தால் ஒற்றைச் சுருள். மெதுவாக 7 பக்கம் திருப்பினால் இரண்டாவது சுருள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நுழையும். 7-ல் முழு ஹம்பக்கர். அதுக்குக் கீழே வழக்கமான டோன் வேலை. ரெட் ரோட்ஸ் என்கிற ஸ்டீல் கிடார் கலைஞரின் மூளையில் உதித்த சர்க்யூட் இது.

படிக்கப் படிக்க ஜிவ்வென்று இருந்தது. ரூமுக்கு ஓடி வந்து குமிழைத் திருப்பினால்... ம்ஹூம். 10-ல் எப்படியோ 7-லும் அப்படியே. பின்பக்கம் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரே நூடுல்ஸ்! எவரோ, எப்போதோ, ஒவ்வொரு பிக்கப்பிலிருந்தும் ஒரு வயரை வெட்டி, டேப் சுற்றி ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். அந்த வித்தை மட்டும் இல்லை. ஃபேஸ் மாற்றும் சின்ன சுவிட்சின் தலையும் உடைந்திருந்தது.

உளி எடுக்கலாமா?

கிடார் ரிப்பேர்க்காரர் ஒருவரிடம் எடுத்துப்போனேன். நல்ல மனுஷர். "இதுக்கு ஏன் மெனக்கெடறே? நல்ல புது ஹம்பக்கர் ரெண்டு போட்டுடலாம். ஒரு மதிய வேலை" என்றார். ஒரே ஒரு சிக்கல். டி-60-ன் பிக்கப் அளவு தனி ரகம். இப்போது கடையில் கிடைக்கும் ஹம்பக்கர் அந்தக் குழியில் அப்படியே உட்காராது. மரத்தைக் குடையணும்.

இன்னொரு பக்கம், ரூம்மேட். எட்டாவது வரைக்கும் வயலின் கிளாஸ் போனவன் நான். எலெக்ட்ரிக் கிடாரில் கமகம் வரணும் என்பது என் நெடுநாள் ஆசை. "மச்சி, ஃப்ரெட்டுக்கு நடுவுல மரத்தைக் குழிச்சுடு. அப்பதான் தந்தியை அமுக்கி இழுக்க முடியும். ஜான் மெக்லாஃப்லின் 'சக்தி' குழுவுல அப்படித்தான் வாசிச்சார்" என்றான். தப்பில்லை, எழுபதுகளில் அவருக்காகச் செய்த கிடாரில் அப்படிக் குழித்த கழுத்துதான்.

ஆக, உடம்பில் ஒரு குடைச்சல், கழுத்தில் ஒரு குடைச்சல். இரண்டும் உளி வேலை. அன்று ராத்திரி வீட்டுக்கு வீடியோ கால். அப்பா கடையில் இருந்தார், அங்கே காலை. ஏதோ ஒரு அஞ்சு ஹெச்.பி. மோட்டார் வயிறு பிளந்து கிடந்தது. கேமராவை கிடார் பக்கம் திருப்பிக் காட்டினேன். அதுவரைக்கும் அவருக்குக் கிடார் என்றால் சினிமா ஹீரோ சமாச்சாரம். உள்ளே சுருளைப் பார்த்ததும் மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அட... காயிலுதானா கண்ணு இது!"

"ஆமாங்கப்பா. புதுசு மாத்தலாம்னு சொல்றாங்க."

"பழசு எரிஞ்சுபோச்சா?"

"தெரியலீங்கப்பா."

"மீட்டர் வெச்சுப் பாத்தயா? எந்த வயரு எங்க போகுதுன்னு எழுதி வெச்சயா? ஒண்ணும் பண்ணாம மாத்தறன்னா எப்பிடி சாமி?"

வைண்டிங் தொழிலில் அது முதல் பாடம். எரிந்த மோட்டாரை ஆத்திரத்தில் பிய்த்து எறியக் கூடாது. எத்தனை சுற்று என்று எண்ணணும். கம்பி என்ன கேஜ் என்று அளக்கணும். எந்த முனை எதோடு சேர்ந்திருக்கிறது என்று வரைந்து வைக்கணும். அதுக்கு அப்புறம்தான் வெட்டணும். ஏன்னா, முதலில் சுற்றினவன் ஏன் அப்படிச் சுற்றினான் என்பதுக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பழைய காயில்தான். பிய்த்துப் போட்டால் சாட்சியும் போச்சு! சின்ன வயதில் லீவு நாட்களில் அந்தக் கடையில் உட்கார்ந்து நான் எண்ணிக் கொடுத்த சுற்றுகள் எத்தனை ஆயிரம் இருக்கும்!

மல்ட்டிமீட்டரை எடுத்தேன். அப்பா அங்கிருந்து சொல்லச் சொல்ல, ஒவ்வொரு சுருளாகத் தொட்டேன். நாலு சுருளும் உயிரோடு இருந்தன! எதுவும் எரியவில்லை. வெட்டப்பட்ட வயர்கள் மட்டும்தான் பிரச்னை. காப்புரிமை ஆவணங்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியவை. அதைத் தேடி எடுத்து, சர்க்யூட்டை நோட்டில் வரைந்து, உள்ளே இருந்த நூடுல்ஸோடு ஒப்பிட்டு, மூன்று ராத்திரி சால்டரிங் புகை. உடைந்த சுவிட்சுக்குப் பதில் புதுசு.

நாலாவது ராத்திரி குமிழைப் பத்திலிருந்து மெதுவாகத் திருப்பினேன். ஒன்பது... எட்டு... மெல்லிசான சத்தம் சதை போட ஆரம்பித்தது. ஏழில் பக்கத்து ரூம்காரன் கதவைத் தட்டினான். ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்த அப்பாவின் விமர்சனம் இதுதான்:

"தோட்டத்துல ஒரு ஃபேஸ் போயி, மறுக்கா வந்த மாதர இருக்குது!"

இதைவிட நல்ல மியூசிக் ரெவ்யூ எந்தப் பத்திரிகையிலும் வராது.

வயலினை உட்கார வைத்தவர்கள்

உடனே, 'ஓ, பழசை அப்படியே வைக்கணும்னு சொல்ற கோஷ்டியா நீ?' என்று கேட்காதீங்க. நான் அந்த அணியும் இல்லை.

மாற்றக் கூடாது என்று நம்ம ஆட்கள் நினைத்திருந்தால் கர்னாடக சங்கீதத்தில் வயலினே கிடையாது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் அதைக் கற்றுக் கையில் எடுத்தார். வெள்ளைக்காரர் நின்றுகொண்டு வாசித்ததை நாம் தரையில் உட்கார்ந்து, காலோடு அணைத்து வாசிக்கிறோம். தந்திகளின் சுருதியையும் ச-ப-ச-ப என்று மாற்றிக்கொண்டோம். மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ் (1969-2014) எலெக்ட்ரிக் மாண்டலினின் இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்தாவதாக ஒரு தந்தியும் சேர்த்தார். மெட்ராஸ் ஐ.ஐ.டி-யில் படித்த பிரசன்னா எலெக்ட்ரிக் கிடாரில் முழுக் கச்சேரியே செய்கிறார். அவர்கள் எல்லாம் வாத்தியத்தின் குணத்தை முதலில் தெரிந்துகொண்டு, தங்கள் சங்கீதத்துக்கு எது தேவையோ அதை மட்டும் மாற்றினவர்கள்.

நானும் மாற்றினேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரே கேள்விதான்: 'நாளைக்கு இன்னொருத்தன் இதைத் திருப்பிப் பழையபடி கொண்டுவர முடியுமா?'

தந்தியை மெல்லிசாக்கி, சுருதியை ச-ப-வுக்கு மாற்றினேன். அஞ்சு நிமிஷத்தில் திருப்பிவிடலாம். தோளுக்கு நாலு விரற்கடை அகலத்தில் தோல் பட்டை. நாலரை கிலோவுக்கு வேறு வழியில்லை. கமகத்துக்கு? மரத்தைக் குழிக்காமல், உயரமான 'ஜம்போ' ஃப்ரெட் போட்டேன். விரல் மரத்தில் உரசாது, தந்தி சுலபமாக இழுபடும். ஃப்ரெட் என்பது பைக்குக்கு டயர் மாதிரி. தேயும், மாற்றியே தீரணும். அந்த மேப்பிள் கழுத்தின் பளபளப்பில் கொஞ்சம் உரிந்தது நிஜம். மரம் மட்டும் அப்படியே இருக்கிறது. அது சாதாரண மரம் இல்லை. இரண்டு மேப்பிள் துண்டுகளை, ஒன்று வளையப் பார்த்தால் இன்னொன்று எதிர்ப்பக்கம் இழுக்கும்படி ஒட்டிச் செய்த கழுத்து. அதைக் குழிப்பது, நல்ல அஸ்திவாரத்தில் கடப்பாரை போடுவது மாதிரி.

கழற்றின பழைய ஃப்ரெட் 23, உடைந்த சுவிட்ச், பழைய ஸ்க்ரூ... எல்லாம் ஜிப் கவரில். மேலே தேதி, எங்கிருந்து எடுத்தது என்ற சீட்டு. சுத்த வைண்டிங் கடை புத்தி!

900 டாலரா, நாலரை கிலோவா?

2019. படிப்பு முடிந்து, கிடைத்த வேலையும் நிலைக்காமல், ஊர் திரும்ப முடிவு செய்த வருஷம். லோன் பாக்கி தலைக்கு மேல். டி-60 தேடிக்கொண்டிருந்த ஒருவர் வந்து பார்த்தார். குமிழைத் திருப்பினார், உள்ளே பிரித்துப் பார்த்தார், ஜிப் கவரைப் பார்த்தார். "எதையும் வெட்டலையே நீ!" என்று முதுகில் தட்டி, 900 டாலர் என்றார். அன்றைய கணக்கில் அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல். இரண்டு மூன்று மாத லோன் தவணை!

அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர்.

"வித்தா வட்டிக்கு ஆகும்..." என்றார். அப்புறம், "ஆனா கண்ணு, உசுரு வர வெச்ச மோட்டாரை ஒருவாட்டி ஓட்டிப் பாக்காம நானு குடுத்தது இல்லே. நான் அதை நேர்ல கேக்கவே இல்லியே" என்றார்.

அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயரை விற்றேன், அது எப்படியும் 120 வோல்ட், நம்ம ஊர் 230-ல் மாட்டினால் டமால்! மானிட்டர், சைக்கிள், குளிருக்கு வாங்கின தடி ஜாக்கெட் எல்லாம் போச்சு. கிடாருக்கு வோல்டேஜ் பஞ்சாயத்தே கிடையாது, அதன் மின்சாரத்தை அதுவே செய்துகொள்கிறது. தந்திகளைத் தளர்த்தி, பெட்டியில் படுக்கவைத்து, எக்ஸ்ட்ரா லக்கேஜுக்குப் பணம் கட்டி, ஊர் வந்து சேர்ந்தேன். அந்தத் தவணைகளை அடுத்த ஒரு வருஷம் வயிற்றைக் கட்டித்தான் அடைத்தோம். அதில் காவியம் ஒன்றும் இல்லை.

சுருதி இறங்கின கதை

வந்ததும் ஒரு வேடிக்கை. 10-ல் வைத்தால் ஒற்றைச் சுருள், இரைச்சல் வரும் என்று சொன்னேன் இல்லையா? அமெரிக்காவில் கரன்ட் ஒரு நொடிக்கு 60 சுற்று, இங்கே 50. அதனால், இரைச்சலின் சுருதியே இங்கே இறங்கிப்போச்சு! அதே கிடார், 'ம்ம்ம்' மட்டும் கொஞ்சம் கட்டைக் குரலில்.

கடையில் ஓடுகிற மோட்டார் பக்கம் பிக்கப்பைக் கொண்டுபோனால் அதன் காந்தப் புலம் ஸ்பீக்கரில் உறுமும். அப்பாவுக்கு இது பெரிய விளையாட்டு. ரெடியான மோட்டார் ஒவ்வொன்றுக்கும், "அதைக் கொண்டா, இவன் என்ன பாடறான்னு பாக்கலாம்" என்பார். டெலிவரி எடுக்க வரும் விவசாயிகள் எங்கள் இருவரையும் பார்க்கிற பார்வை இருக்கே...

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஏதாவது இருக்கும். தாத்தாவின் வால்வு ரேடியோ, அம்மாவின் கால் மெஷின், சித்தப்பாவின் ஆர்.எக்ஸ்.100. தாராளமாக நோண்டுங்க. கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் அது பொம்மை. ஆனால், தயாரிப்பு நின்றுபோன பொருளில் நீங்கள் வெட்டுகிற ஒவ்வொரு இஞ்சும் உலகத்தில் இருக்கிற மொத்தக் கணக்கிலிருந்து கழிகிறது. புரியாமல் வெட்டாதீங்க. முதலில் ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு ஜிப் கவர். அப்புறம் ஸ்க்ரூ டிரைவர்.

அந்த மாஸ்க்கிங் டேப்பை நான் பிரிக்கவில்லை. அதுக்குக் கீழே என் டேப் ஒன்று ஒட்டியிருக்கிறேன். ஹம்சத்வனி, மோகனம், ஆபேரி... பக்கத்தில் சுருதி. இன்னும் கொஞ்சம் இடம் காலி இருக்கிறது. அடுத்து வருகிறவர் எழுதிக்கொள்ளட்டும்!